மீமுரே போக நினைக்கும் திருகோணமலைக்காரருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நக்கிள்ஸ் மலைகளுக்கு நடுவே, கண்டி மாவட்டத்தின் உடதும்பறைப் பிரதேச செயலகப் பிரிவில் அமைந்துள்ள சிறிய கிராமம் மீமுரே. திருகோணமலை உவர்மலையில் வசிக்கும் நான் பல ஆண்டுகளாக அங்கே போய் வருகிறேன் என்பது எப்படியோ பரவிவிட்டதால், ஒவ்வொரு பாடசாலை விடுமுறைக்கும் இரண்டு வாரங்களுக்கு முன்பே தொலைபேசி ஒலிக்கத் தொடங்கிவிடும். யார் அழைத்தாலும் கேள்விகள் ஏறக்குறைய இவைதான். கேட்டவர்களின் வாயில் வந்தபடியே அவற்றை எழுதிப் பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

மீமுரே, மீமுரே என்கிறார்களே, அங்கே அப்படி என்னதான் இருக்கிறது?

மலை சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு. அதன் அடியில் படிப்படியாக வெட்டிய வயல்கள், ஓர் ஆறு, முக்கோணமாக எழுந்து நிற்கும் லக்கேகல என்ற பாறைமலை, கித்துள் மரங்களுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் இடையே சில நூறு பேர் வாழும் வீடுகள். அவ்வளவுதான். கடைத்தெருவும் படகுச் சவாரியும் எதிர்பார்த்துப் போகிறவர் முதல் நாள் மாலையிலேயே சலித்துவிடுவார்.

மடக்கிய கைமுட்டியின் கணுக்களைப் போலத் தெரிவதால் ஆங்கிலேயர் இம்மலைத்தொடரை நக்கிள்ஸ் என்றனர். அதன் மிக உயர்ந்த சிகரமான கொம்பனிய 1,906 மீற்றர் உயரமுடையது. 2000ஆம் ஆண்டில் இது பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது; 2010இல் ஹோட்டன் சமவெளியுடனும் சிவனொளிபாதமலைக் காட்டுடனும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. நமக்கு இதில் இன்னொரு சொந்தமும் உண்டு. இம்மலைகளின் ஓடைகள் மகாவலியில் கலக்கின்றன. மகாவலி கொட்டியாரக்குடாவில் கடலை அடைகிறது. மழைக்காலத்தில் மூதூர்ப் பக்கம் கலங்கி வரும் தண்ணீரில் ஒரு பங்கு அங்கே பெய்த மழைதான்.

திருகோணமலையில் இருந்து எப்படிப் போவது? ஒரே நாளில் போய் வரலாமா?

கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை ஊடாகக் கண்டிக்கு ஏறக்குறைய 180 கிலோமீற்றர். கண்டியிலிருந்து மகியங்கனை வீதியில் திகன, தெல்தெனிய, மெதமகாநுவர ஆகியவற்றைக் கடந்து ஹுன்னஸ்கிரிய சந்திக்கு வந்து, அங்கே இடப்பக்கம் திரும்பினால் லூல்வத்த, கோபெட்ஸ் கேப் என்ற கணவாய், கைகாவல வழியாக மீமுரே. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரியில் பிடிபட்டது இந்த மெதமகாநுவரப் பக்கத்தில்தான் என்பதை வாகனத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு போகலாம். பொலநறுவை, மகியங்கனை ஊடாக வந்து பதினெட்டு வளைவில் ஏறி ஹுன்னஸ்கிரியவை மறுபக்கமிருந்து அடையவும் முடியும். ஆனால் மலைப்பாதை பழக்கமில்லாத சாரதியை முதற்பயணத்திலேயே அந்த வளைவுகளில் களைக்க வைப்பது நல்லதல்ல.

கண்டிவரை ஐந்து மணித்தியாலம், அங்கிருந்து ஹுன்னஸ்கிரியவுக்கு ஒன்றரை, ஹுன்னஸ்கிரியவிலிருந்து மீமுரேக்கு இரண்டுக்கும் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே ஒரே நாளில் போய் வருவது இயலாது. முதல் இரவைக் கண்டியிலோ திகனவிலோ கழித்து, மறுநாள் விடியற்காலையில் மலையேறுவதே சரி. எரிபொருளையும் பணத்தையும் தெல்தெனியவுக்குள் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே அவற்றைத் தேடி அலையும் நிலை வரக்கூடாது.

தம்பி, போன் மப் மாத்தளை, ரத்தோட்டைப் பக்கமா கிட்டவா காட்டுதே, ஏன் கண்டிக்குப் போய்ச் சுத்த வேணும்?

படத்தில் கிட்டத்தான் தெரியும். ரத்தோட்டை, ரிவர்ஸ்டன், இலுக்கும்புற ஆகியவை அதே மலைத்தொடரின் வடக்குப் பக்கம். அங்கிருந்து மீமுரேப் பக்கம் காட்டப்படும் கோடுகள் காட்டுக்குள் செல்லும் நடைவழிகள். முன்பு கிராமத்தவர் பொதி சுமந்து நடந்த வழிகள் அவற்றில் உண்டு. வாகனத்தில் போகிறவருக்கு ஹுன்னஸ்கிரிய வழிதான்.

நேரமோ வாகனமோ பொருந்தவில்லை என்றால் மீமுரேயை விட்டுவிட்டு ரிவர்ஸ்டனுக்கே போய்விடுங்கள். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நமது ஊரிலிருந்து வரும்போது தம்புள்ளை, மாத்தளை வழியாகத்தான் எப்படியும் வருகிறோம். அதே காற்று, அதே மூடுபனி, பிட்டவல பத்தனைப் புல்வெளியும் பக்கத்திலேயே.

அங்கே போகத் தடை இருக்கிறதாமே? அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டுமா?

இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மீமுரே மக்கள் வாழும் கிராமம்; பொதுவீதியில் அதற்குச் செல்ல நான் தனியாக அனுமதிப்பத்திரம் எடுத்ததில்லை. ஆனால் அதைச் சுற்றியுள்ள காடு வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளது. காட்டுக்குள் நடக்க நுழைவுச்சீட்டு வேண்டும். கூடாரம் அடித்துத் தங்க முன்கூட்டிய அனுமதி வேண்டும். வழியில் டீன்ஸ்டனில் திணைக்களத்தின் நக்கிள்ஸ் நிலையம் இருக்கிறது. சந்தேகம் எதுவானாலும் அங்கே இறங்கிக் கேளுங்கள். தேசிய அடையாள அட்டையை எல்லோரும் கையில் வைத்திருங்கள். கனடாவிலிருந்தோ சுவிசிலிருந்தோ வந்த அண்ணன் குடும்பம் கூட இருந்தால், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குக் கட்டணம் வேறு என்பதை முன்பே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

மக்கள் "தடை" என்று சொல்வது பெரும்பாலும் மூன்றாவது ஒன்றை. மழை பலத்தால் மண்சரிவு அபாயம் காரணமாகப் பாதையை மூடுகிறார்கள். மழை இல்லாத நாளிலும் பாதையின் அகலமே பெரிய வாகனங்களைத் தடுத்துவிடுகிறது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த இரண்டைப் பற்றியவையே.

எங்கட வாகன்ஆர் போகுமா? கூட்டாளி ஒருவர் போனவராம்.

போயிருப்பார், நம்புகிறேன். காய்ந்த நாளில், இரண்டு பேருடன், பொதியில்லாமல், நிதானமான கையுடன் சிறிய கார்கள் இறங்கி ஏறியிருக்கின்றன. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இரவில் ஒரு மழை பெய்தால் அதே கார் திரும்பி ஏறுமா? கோபெட்ஸ் கேப்புக்கு அப்பால் பாதை நீண்ட இறக்கமாகப் பள்ளத்தாக்குக்குள் போகிறது. ஓடைத் தண்ணீர் பாதையில் பாயும் இடங்களில் கற்கள் வெளியே தள்ளி நிற்கும். அடிப்பகுதி தாழ்ந்த வாகனம் முதலில் எண்ணெய்த் தட்டில்தான் அடி வாங்கும்.

டபுள் கேப், ஜீப், நல்ல நிலையில் உள்ள முச்சக்கரவண்டி, மோட்டார் சைக்கிள் ஆகியவை போகும். உங்கள் கார் தாழ்வானதாக இருந்தால், அதை ஹுன்னஸ்கிரியவில் பாதுகாப்பாக நிறுத்திவிட்டு அங்கிருந்து உள்ளூர் ஜீப் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். தங்கப்போகும் வீட்டுக்காரரிடம் சொன்னால் அவரே ஒழுங்கு செய்வார். அந்த வாடகை அதிகம் என்று முறையிடுபவர்களுக்கு நான் எண்ணெய்த் தட்டின் விலையை விசாரிக்கச் சொல்வேன்.

நாங்கள் பதினாலு பேர். கேடிஎச் வான் ஒன்று பிடித்தால் செலவு பிரிந்துவிடும் அல்லவா?

நானும் இப்படித்தான் கணக்குப் போட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுமுறையில், சித்தப்பா குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு நீண்ட வான் ஒன்றில் புறப்பட்டோம். வாகனம் தந்தவர் "எங்கும் போகும்" என்றார். கோபெட்ஸ் கேப்பைத் தாண்டிய ஒரு கொண்டை வளைவில் வானின் முன்பக்கம் திரும்பிவிட்டது, பின்பக்கம் திரும்பவில்லை. பின்சில்லுக்குக் கல் வைப்பதும் எடுப்பதுமாக, ஒரு முழம் முன்னே ஒரு முழம் பின்னே என்று அந்த ஒரு வளைவைக் கடக்க அரை மணித்தியாலம் ஆனது. பின்னால் கித்துள் பாணிப் போத்தல்களுடன் முச்சக்கரவண்டியில் வந்த கிராமத்தவர் ஒருவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஒரு சொல் பேசாமல், எங்களுக்குக் கல் பொறுக்கித் தந்தார். அன்று அவருக்குச் சந்தைக்கு நேரமாகியிருக்கும் என்று இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

ஆகவே பதினாலு பேர் என்றால் வானை ஹுன்னஸ்கிரியவரை கொண்டு வாருங்கள். அதற்கு மேல் இரண்டு ஜீப். முந்திய பதிலில் சொன்னது இதற்கும் பொருந்தும். பெரிய பஸ்ஸைப் பற்றிக் கேட்பவர்களுக்குப் பதில் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

எதிரே வாகனம் வந்தால் யார் விலகுவது? எங்கள் ஊர் ஓட்டம் அங்கே சரிவருமா?

நிலாவெளி வீதியில் ஓட்டிப் பழகிய கைக்கு மலை புதிது. மேலே ஏறும் வாகனத்துக்கே முன்னுரிமை என்பது மலைப்பாதை வழக்கம். இறங்குகிறவர் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி நிற்க வேண்டும். ஆகவே இறங்கும்போது கடந்து வந்த ஒதுக்கிடங்களை மனதில் குறித்துக்கொண்டே போங்கள். மறைந்த வளைவு ஒவ்வொன்றிலும் ஒலி எழுப்புங்கள். எழுப்பிய பின் ஒரு கணம் காதையும் கொடுங்கள்.

இறக்கத்தில் முதலாம் அல்லது இரண்டாம் கியரில், இயந்திரத்தின் பிடியில் இறங்க வேண்டும். தானியங்கிக் கியர் வாகனத்தில் எல் நிலையில் போடுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எரிந்த றப்பர் போன்ற வாசம் வந்தவுடன் அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள். சூட்டோடு சூடாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள், பிரேக் தட்டு வளைந்துபோகும்.

டிசம்பரில்தான் பிள்ளைகளுக்கு விடுமுறை. அப்போது போகலாமா?

வேண்டாம். இந்த ஒரு கேள்விக்கு நான் வளைந்து கொடுப்பதில்லை. நமது ஊருக்கு மழை தரும் அதே வடகீழ்ப் பருவக்காற்றுத்தான் நக்கிள்ஸின் கிழக்குச் சரிவுகளிலும் மழையைக் கொட்டுகிறது. ஆக, நமக்கு விடுமுறை கிடைக்கும் காலமும் அங்கே மண் இளகும் காலமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைநாட்டில் எத்தனை இடங்களில் மண் சரிந்தது என்பதை நாம் எல்லோரும் கண்டோம்.

பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம்வரை நல்ல காலம். ஆகஸ்ட் விடுமுறையும் பொருந்தும். அப்போது கோபெட்ஸ் கேப்பில் காற்று ஆளைத் தள்ளும், ஆனால் பாதை காய்ந்திருக்கும். சித்திரைப் புத்தாண்டு நாட்களில் மட்டும் போகாதீர்கள். கிராமத்தவருக்கும் அது புத்தாண்டு. சமைத்துப் போட ஆள் இருக்காது, இருக்கவும் கூடாது.

பாதை திறந்திருக்கிறதா என்று புறப்படுமுன் எப்படி அறிவது?

மண்சரிவு எச்சரிக்கைகளைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. அதில் கண்டி மாவட்டத்தின் கீழ் உடதும்பறை என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்திலும் கேட்கலாம்.

இவற்றுக்கும் மேலாக, தங்கப்போகும் வீட்டுக்காரரை முதல் நாள் மாலையில் அழையுங்கள். சிங்களம் தடுமாறினாலும் "பார ஹொந்தத?" என்ற இரண்டு சொல் போதும், பாதை நன்றாக இருக்கிறதா என்று பொருள். அவர் பதில் சொல்வதற்கு முன் சற்றுத் தயங்கினால், அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். வருமானம் போகிறதே என்று அவர் நேரடியாக "வராதீர்கள்" என்று சொல்லமாட்டார்.

வாகனம் இல்லாதவர்கள் பஸ்ஸில் போக முடியுமா?

திருகோணமலையிலிருந்து கண்டிக்கு நேரடி பஸ் உண்டு. கண்டியில் மகியங்கனை பஸ்ஸில் ஏறி ஹுன்னஸ்கிரியவில் இறங்கலாம். அதற்கு மேல் முச்சக்கரவண்டியோ ஜீப்போதான் என்று திட்டமிடுங்கள்; பிற்பகல் இரண்டு மணிக்கு முன் சந்தியில் இறங்கிவிட வேண்டும்.

எங்கே தங்குவது? ஹலால் சாப்பாடு கிடைக்குமா? எங்களுக்குச் சிங்களம் அவ்வளவாக வராது.

கிராமத்தவர் தம் வீட்டிலோ வளவுக்குள் கட்டிய அறைகளிலோ தங்க இடம் தருகிறார்கள், சாப்பாடும் அங்கேயே. சோறு, பருப்பு, பலாக்காய், கீரை, சம்பல் எனச் சமைப்பார்கள். கிண்ணியாவிலிருந்து என்னுடன் வந்த நண்பர்கள் இறைச்சி வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து கருவாடும் மாசிச் சம்பலும் எடுத்து வந்தார்கள். இரண்டாம் நாள் வீட்டுக்கார அம்மா அந்தச் சம்பலில் பாதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எத்தனை பேர், எந்த நேரம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். அங்கே கடைக்கு ஓடிப்போய் வாங்கிவர முடியாது.

மொழி பெரிய தடையல்ல. "அக்கே", "ஐயே" என்று அழைத்துப் பேசத் தொடங்கினால் மீதியைக் கையால் சொல்லிக்கொள்ளலாம். பாட்டுப் பெட்டியைச் சத்தமாகப் போடுவதும் மது அருந்திவிட்டு ஆற்றங்கரையில் கூச்சலிடுவதும்தான் அவர்களை உண்மையில் வருத்துகின்றன. இதை அவர்களே என்னிடம் சொன்னார்கள். நமது ஊர்க் கூட்டம் ஒன்றைக் குறித்துத்தான் சொன்னார்கள்.

ஆற்றில் குளிக்கலாமா? நாங்கள் கடலில் நீந்திப் பழகியவர்கள்.

வீட்டுக்காரர் காட்டும் இடத்தில், அவர் சொல்லும் நேரத்தில் குளிக்கலாம். கடலில் நீந்தத் தெரிந்தவர்களே அங்கே அதிகம் ஏமாறுகிறார்கள். உப்புத் தண்ணீர் உடலைத் தாங்கும் அளவுக்கு ஆற்றுத் தண்ணீர் தாங்காது, பாறை வழுக்கும், குளிர் மூச்சைப் பிடிக்கும். அருவியின் அடியில் உள்ள குழிகளில் குதிக்கவே வேண்டாம்.

மழை உங்கள் தலையில் பெய்ய வேண்டும் என்பதில்லை. ஒருமுறை வெயில் எறித்துக்கொண்டிருக்க நாங்கள் குளித்துக்கொண்டிருந்தோம். முதலில் காய்ந்த இலைகள் கூட்டமாக மிதந்து வந்தன. அடுத்து, அடியில் மணல் தெரிந்த தண்ணீர் மெல்லப் பிளேன்டீ நிறத்துக்கு மாறியது. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண், துணிகளை வாரிக்கொண்டே எங்களைப் பார்த்துச் சத்தமிட்டார். நாங்கள் மேலே ஏறிச் சிறிது நேரத்தில், செருப்பை வைத்திருந்த பாறை தண்ணீருக்குள் போய்விட்டது. இலையும் நிறமும் மாறினால் உடனே வெளியேறுங்கள். பொருட்களை எடுக்கத் திரும்பாதீர்கள்.

அட்டைக்கு என்ன செய்வது?

நீளக் காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, வெளியே சவர்க்காரத்தையோ சித்தாலேபவையோ பூசுங்கள். கடித்தால் நகத்தால் வழித்து விடுங்கள்; சற்று நேரம் இரத்தம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை. அட்டையைவிடப் புதருக்குள் கை விடுவதற்கே பயப்பட வேண்டும். விரியன் வகைப் பாம்புகள் உண்டு.

லக்கேகலவில் இருந்துதான் இராவணன் புட்பக விமானத்தில் பறந்தானாம். உச்சிக்கு ஏற முடியுமா?

அப்படி ஒரு கதை அங்கே உண்டு. கோணேசர் கோயிலடியில் இராவணன் வெட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதைக் கேட்கப் பிடிக்கும். கிராமத்து முதியவர்களிடம் நம்முடைய கதையைச் சொன்னால் அவர்களும் விரும்பிக் கேட்கிறார்கள். ஆனால் மலையேற்றப் பயிற்சி இல்லாதவர் அந்தப் பாறையில் ஏறக்கூடாது. பக்கங்கள் செங்குத்தானவை, பிடிப்பதற்குப் புல்தான் கிடைக்கும். வயல் வரம்பிலிருந்து காலை வெயிலில் பார்ப்பதே போதும்.

மற்ற நடைவழிகளுக்கும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் வழி தெரியாது.

கூடாரம் அடித்து, நெருப்பு மூட்டி, கோழி சுடலாமா? வரும்போது ஓர்க்கிட் செடி ஒன்று கொண்டு வரலாமா?

கூடாரத்துக்கு அனுமதி வேண்டும் என்று மேலே சொன்னேன். காட்டுக்குள் நெருப்பு அனுமதிக்கப்படுவதில்லை. காய்ந்த காலத்தில் ஒரு பொறி ஒரு புல்வெளியையே கொண்டுபோய்விடும். வீட்டு முற்றத்தில், வீட்டுக்காரர் சம்மதித்தால், சுட்டுக்கொள்ளுங்கள்.

செடி, விதை, பல்லி, ஓணான் எதையும் எடுக்கக்கூடாது; அது சட்டப்படி குற்றம். மூக்கில் இலை போன்ற கொம்புடைய ஓணான் ஒன்று உலகிலேயே நக்கிள்ஸில் மட்டும்தான் வாழ்கிறது. பார்த்தால் படம் பிடித்துவிட்டு விலகுங்கள். கொண்டு வர ஆசையென்றால் கிராமத்தவரிடம் கித்துள் பாணி, கருப்பட்டி, மிளகு வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள். கொண்டு போன பிளாஸ்டிக் போத்தல்களும் உங்களுடனேயே திரும்ப வேண்டும். அவற்றைக் குப்பை வண்டி வந்து எடுக்கும் என்று எண்ணாதீர்கள்.

உள்ளே ஒருவருக்கு வருத்தம் வந்தால்? போன் வேலை செய்யுமா?

தொடர்ச்சியாக வேலை செய்யும் என்று நம்பாதீர்கள். மலையேறுமுன் வீட்டுக்கு அழைத்து, எப்போது திரும்புவீர்கள், எந்த வீட்டில் தங்குகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990, பொலிஸ் 119. ஆனால் அந்தப் பாதையில் எந்த வாகனமும் விரைந்து வர முடியாது. ஆதார வைத்தியசாலை தெல்தெனியவில் இருக்கிறது, அதாவது சில மணித்தியாலப் பயணம். இருதய நோய், ஆஸ்துமா, பிரசவ காலம் உள்ளவர்கள் இதை நினைவில் வைத்து முடிவு செய்யட்டும். வழக்கமாக எடுக்கும் மருந்தை இரண்டு நாளுக்குக் கூடுதலாக வைத்திருங்கள்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு பாதை மூடியிருந்தால், காசு ஏதும் கொடுத்து விடச் சொல்லலாமா?

இதைப் பலர் தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள். உள்ளே போக விட்டாலும், பின்னால் மண் விழுந்தால் வெளியே வர யாரும் காசு வாங்கிக்கொண்டு வழிவிட முடியாது. கிராமத்தில் இருக்கும் அரிசியும் பருப்பும் அவர்களுடைய கணக்குக்கு. பாதை அடைபட்ட நாளில் பதினாலு விருந்தினர் என்பது அவர்கள் மேல் ஏற்றும் சுமை. முன்பணம் போய்விடுமே என்றால், நான் இதுவரை தங்கிய வீட்டார் எல்லோரும் மழையால் தவறிய நாளை வேறொரு நாளுக்கு மாற்றித் தந்திருக்கிறார்கள். அன்றைக்கு ரிவர்ஸ்டன் பக்கமும் போகாதீர்கள். அதே மழை அங்கேயும் பெய்யும். கண்டியில் பேராதனைப் பூங்காவைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புங்கள்.

அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி. அவருக்கும் பார்க்க ஆசை. என்ன செய்வது?

கோபெட்ஸ் கேப்வரை கூட்டிச் செல்லுங்கள். பள்ளத்தாக்கும் லக்கேகலவும் அங்கிருந்தே தெரியும். கடினமான இறக்கம் அதற்கு அப்பால்தான். கழிப்பறைத் தேவையை ஹுன்னஸ்கிரியவிலேயே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், கம்பளிச் சட்டையும் காதை மூடத் துணியும் எடுங்கள், மூடுபனி ஏறுமுன் காலை பத்து மணிக்குள் அங்கே இருங்கள். என் அம்மாவும் அதுவரை மட்டுமே வந்தார். காற்றுக்குப் பயந்து ஜீப்பை விட்டு இறங்காமல், கண்ணாடியைப் பாதி இறக்கிக் கீழே பார்த்துவிட்டு, அந்த இளம்பச்சை வயலா காடா என்று கேட்டார். வயல் என்றேன். "இவ்வளவு தூரத்தில் அறுத்த நெல்லை எப்படி வெளியே கொண்டு வருகிறார்கள்?" என்று அடுத்துக் கேட்டார். முன்பு தலையில்தான்.